பன்றிக்கு இருமல், மாட்டுக்கு மரணம்

2024 கடைசியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்குள் வந்ததிலிருந்து கொழும்பில் பன்றி நோய் என்றாலே எல்லோருக்கும் அது ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. மனிதருக்குத் தொற்றாது என்று எத்தனை தரம் சொன்னாலும் கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கம் பன்றி இறைச்சி வாங்கலாமா கூடாதா என்ற பேச்சு ஓயவே இல்லை. பயம் நியாயம்தான். ஆனால் இன்னொரு பன்றி வைரஸைச் சில நாடுகள் பண்ணைகளிலிருந்து முழுசாகவே துரத்தியிருக்கின்றன. அந்தக் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஔயெஸ்கி நோயைத்தான் சொல்கிறேன். 1902இல் ஹங்கேரிக்காரரான அலடார் ஔயெஸ்கி இதை வெறிநாய்க்கடி நோயிலிருந்து வேறானது என்று காட்டினார். வளர்ந்த பன்றிக்கு வந்தால் இருமும், சில நாள் சாப்பிடாது, அப்புறம் தேறிவிடும். சினைப் பன்றிக்குக் கரு கலையும். பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகள் நடுங்கி, காலை உதைத்து, அநேகமாக எல்லாமே செத்துப்போகும். பன்றியிடமிருந்து மாடு, ஆடு, நாய், பூனைக்குத் தொற்றினால் தப்புவது அபூர்வம், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அரிப்பு தாங்காமல் மாடு தூணில் உராய்ந்து உராய்ந்து தோலே கிழிந்து இரத்தம் வடிய நிற்கும்.

உண்மையான சிக்கல் தேறிவிட்ட பன்றியிடம்தான். பொக்குளிப்பான் வைரஸைப் போல இதுவும் ஹெர்பீஸ் குடும்பம், நரம்புக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கிக் கிடக்கும். லொறியில் ஏற்றும்போதோ குட்டி போடும்போதோ உடம்பு தளர்ந்தால் மறுபடி எழும்பிப் பக்கத்துப் பன்றிக்குப் பரவும். பார்வைக்கு நல்ல பன்றி, உள்ளே வைரஸ். பழைய தடுப்பூசிகளைப் போட்டால் நோய் தணியும், ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்தால் ஊசி போட்ட பன்றியும் தொற்றிய பன்றியும் ஒரேமாதிரித் தெரியும், எதைக் கழிப்பது?

அந்த முடிச்சை அவிழ்த்த விதம் எனக்கு இன்னும் வியப்புத்தான். வைரஸின் மேலுறையில் ஜீ-ஈ என்றொரு புரதம் இருக்கிறது. அது இல்லாத தடுப்பூசியைப் போட்டார்கள். இதில் பேர்பெற்ற ‘பார்த்தா’ என்ற தடுப்பூசி வகையும் ஹங்கேரியிலிருந்து வந்ததுதான். பிறகு ஜீ-ஈக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி இரத்தத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும், இருந்தால் அந்தப் பன்றிக்கு உண்மையான வைரஸ் தொற்றியிருக்கிறது. பண்ணையையே காலி பண்ணாமல் அப்படியான தாய்ப் பன்றிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டு வரலாம். அமெரிக்கா 1989இல் தொடங்கி 2004இல் எல்லா மாநிலங்களிலும் வணிகப் பண்ணைகளைச் சுத்தமாக்கியது. காட்டுப் பன்றிகளில் அங்கே இன்னும் இருக்கிறது, வேட்டை நாய்கள் அதனால் சாகின்றன. சீனாவில் 2011 கடைசியில் ஊசி போட்ட பண்ணைகளிலேயே மாறிய வைரஸ் வகை கிளம்பியது, ஆகவே ஒரு தரம் ஊசி போட்டாயிற்று என்று கைகழுவ முடியாது.

பிரித்தானியா 1983இல் வேறு வழியில் போனது. தொற்றிய மந்தைகளைக் கொன்றார்கள், செலவுக்குப் பன்றி வளர்ப்போரிடமே ஒரு வரி அறவிட்டார்கள். இந்த இடத்தில்தான் நம் நிலைமையை நினைத்தேன். நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரைக்கும் எத்தனையோ சின்னப் பண்ணைகள், நிறையப் பேர் கொழும்பு ஹோட்டல் குசினிகளின் மிச்சச் சாப்பாட்டை நம்பி வளர்க்கிறார்கள். அந்தப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் என் மாமாவிடம், பன்றி சோர்ந்து படுத்தால் உடனே அறிவிக்கலாமே என்றேன். "அறிவிச்சா எல்லாத்தையும் கொன்றுபோட்டுப் போவாங்க தம்பி, லோனை யார் கட்டுறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நட்டஈடு எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரியாதவரை சோர்ந்த பன்றி இரவோடிரவாக விலைபோகத்தான் செய்யும், வைரஸும் அதே லொறியில் அடுத்த ஊருக்குப் போகும்.

ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு ஔயெஸ்கிக்குக் கிடைத்ததுபோல ஊசியும் பரிசோதனையும் சேர்ந்த நம்பகமான ஏற்பாடு இன்னும் வரவில்லை. அதனால் இப்போதைக்கு நட்டஈட்டு நிதியும் நேரத்தோடு அறிவிப்பதும்தான் வழி. மிச்சச் சாப்பாட்டைப் பன்றிக்கு வைக்காமல் விடுவது நல்லது, வைத்தே ஆகவேண்டும் என்றால் அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுங்கள். பச்சைப் பன்றி இறைச்சித் துண்டுகளை வீட்டு நாய்க்கும் போடாதீர்கள், ஔயெஸ்கி அப்படியும் நாய்க்குத் தொற்றும்.