பட்ஜெட் 35, சாரி கார்டு கட்டாயம்

வண்டி வாங்கியாச்சு. வீட்டில் இப்போது யாரும் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை.

ஏலச்சீட்டில் தள்ளி எடுத்தது, கழிவு போக என் கைக்கு வந்தது ரூ.35,000. பெரியவன் மாட்டுத்தாவணிப் பக்கம் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அவன் திருநகர் வந்து சேர்வதற்குள் எனக்கு பி.பி. ஏறி இறங்குகிறது. "பழைய வண்டி ஒண்ணு பாப்போமே" என்று வாயைத் திறந்தேன். சாயங்காலமே என் தம்பி வந்து இறங்கிவிட்டான். எங்க வீட்டு போர்வெல்லுக்கு பாயிண்ட் பார்த்துக் கொடுத்தவன் அவன்தான். அந்தக் குழி இன்னும் கொல்லையில் இருக்கிறது, குப்பை போட வசதியாக.

மகனுக்கு ஆர்.எக்ஸ். 100 வேண்டுமாம். 1996-ல் உற்பத்தியை நிறுத்திவிட்ட வண்டி. இவன் பிறப்பதற்கு முன்னாலேயே கடையை மூடிவிட்டார்கள். விலை விசாரித்தால் நல்ல கண்டிஷனில் இருப்பது லட்சத்தைத் தாண்டுகிறது. "அந்த சவுண்டு இருக்கே மாமா..." என்று இவன் கண்ணை மூட, "ஆமா மாப்ள..." என்று என் தம்பியும் மூட, 35,000-ஐ வைத்துக்கொண்டு நான் மட்டும் கண்ணைத் திறந்தபடி இருந்தேன்.

அப்புறம் போனில் விளம்பரம் பார்க்கும் படலம். எல்லாமே 'சிங்கிள் ஓனர்'. எல்லாமே 'ஷோரூம் கண்டிஷன்'. 'வெளிநாடு செல்வதால் அவசர விற்பனை' என்று போட்டவர்களை எல்லாம் எண்ணினால் பாதி மதுரை காலியாகியிருக்க வேண்டும். ஒருவருக்கு போன் போட்டால், பின்னால் பெரியார் பஸ் ஸ்டாண்டு கண்டக்டர் விசில் கேட்கிறது. "எப்ப சார் ஃப்ளைட்டு?" என்றேன். கட் பண்ணிவிட்டார்.

பழைய வண்டி விற்கிற கன்சல்டிங் கடைகளுக்கும் போனோம். பணம் என் பையில். வண்டி ஓட்டப் போவது மகன். ஆனால் கடைக்காரர்கள் அத்தனை பேரும் எங்க வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்கள். "சார், பிக்கப்பு பாருங்க சார், டாக்டர் ஓட்டுன வண்டி சார்." இவர் வாழ்நாளில் கடைசியாக ஓட்டியது வாடகை சைக்கிள். இருந்தாலும் சார் என்று கூப்பிட்டுவிட்டார்களே என்று டயரை ஒரு உதை உதைத்து, "ம்ம்" என்றார். டாக்டர் ஓட்டின வண்டியின் மட்கார்டில் 'மாப்ள வர்றான் வழிவிடு' என்று ஒட்டியிருந்தது. எந்த டாக்டரோ. ஊசி போடும்போதும் அதையேதான் சொல்வாரோ என்னவோ.

என்னுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. சாரி கார்டு, அதான் பின்சக்கரத்தில் சேலை சிக்காமல் தடுக்கும் கம்பி மறைப்பு, இருக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் மகன் செத்தேபோய்விட்டான். "யாரும்மா இப்ப அதெல்லாம் வைக்கிறா? வாங்குன அன்னைக்கே கழட்டி எறிஞ்சிருவாங்க." அதைத்தான் நானும் பார்த்தேன். கடையில் வரிசையாக நின்ற வண்டிகளில் பாதிக்கு மேல் இடது பக்கம் மொட்டையாக, சக்கரம் வெட்டவெளியில் சுற்றுகிறது. பக்கத்துத் தெரு டீச்சருக்குத் துப்பட்டா சிக்கி, கழுத்தில் பட்டையோடு எத்தனை நாள் இருந்தார் என்பது எங்கள் ஏரியாவுக்கே தெரியும். எதிர் வீட்டு வக்கீல் மாமா இன்னும் ஒருபடி மேலே போய், மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 123 என்று ஒப்பித்துவிட்டார். பின்னால் உட்காருகிறவர் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்காவது மூடி இருக்கணுமாம், பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் எல்லாம் அதே விதிதானாம். முழுசாகச் சொல்லி முடித்து காபியும் குடித்துவிட்டுத்தான் போனார். மகன் அவருக்கு இப்போது வணக்கம் வைப்பதில்லை.

மெக்கானிக் தம்பி சொன்னதுதான் உருப்படியான யோசனை. "அக்கா, 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6-ன்னு புது புகை விதி வந்துச்சு. அதுக்கு முந்துன வண்டியா பாருங்க. கார்புரேட்டரா இருந்தா எந்தப் பட்டிக்காட்டுல நின்னாலும் எவனாவது சரி பண்ணிருவான். ரொம்பப் பழசும் வேணாம். 15 வருஷம் முடிஞ்சா ஆர்.சி. புதுப்பிக்கணும், பசுமை வரி கட்டணும், நாய் அலைச்சல். முக்கியமா, இஞ்சின் ஆறிக் கெடக்கும்போது ஒரே உதையில ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க. சில பேரு நீங்க வர்றதுக்கு முன்னாடியே சூடு பண்ணி வச்சிருப்பாங்க."

இந்தக் கடைசி விஷயத்தை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

வில்லாபுரத்தில் ஒரு வீடு. "காலையிலேருந்து தொடவே இல்ல சார்" என்று வழக்கம்போல எங்க வீட்டுக்காரரிடம் சொன்னார் அந்த மனிதர். ஒரே கிக்கில் உறுமியது. என் தம்பி அசந்துபோய் "முடிச்சிரலாம்க்கா" என்றான். கிளப்பின பிறகு, முன்னாலேயே சூடு பண்ணி வைத்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வேண்டாமென்று கிளம்பிவிட்டேன். அடுத்த வீட்டுக்கு நாங்கள் போனபோது, வண்டியைக் கிளப்புவதற்கு முன்னாலேயே பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோல இஞ்சின் மேல் நாலு சொட்டு தெளித்தேன். 'சொய்ங்' என்றது. ஆவி வந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். விற்க வந்தவர் என்னைப் பார்த்து முதல்முறையாக "மேடம்" என்றார்.

மீட்டர் கதை தனி. ஒரு வண்டியில் 14,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கியர் லீவர் ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லைக் காட்டுகிறது, ஃபுட்ரெஸ்ட்டில் வரியே இல்லை. 14,000-ல் இப்படித் தேய வேண்டுமென்றால் கியரை மட்டும் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் அமைந்தது அவனியாபுரத்துப் பூ வியாபாரி வண்டி. 2014 ஸ்ப்ளெண்டர். புகை இல்லை, லோன் இல்லை, 2029 வரை ஆர்.சி. உயிரோடு இருக்கும். சாரி கார்டு முழுசாக, துருகூடப் பிடிக்காமல் நின்றது. சம்சாரத்தையும் பூக்கூடையையும் பின்னால் ஏற்றிப் போகிறவர், கழற்றுவாரா? கேட்டது 38,000. நான் அந்த மனிதரின் நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டினால் 8.

"எட்டு வருதேண்ணே" என்றேன், ரொம்ப வருத்தமாக.

அவர் முகம் விழுந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் அதைச் சொல்லித்தான் திரும்பிப் போனார்களாம். "எனக்குப் பரவால்லண்ணே, வீட்டுல பெரியவங்க இருக்காங்க, அவங்க வாயை அடைக்கணும், பாத்துச் சொல்லுங்க" என்றேன். 33,500-க்கு முடிந்தது. சனி பகவான் இதுவரை எனக்கு ரொக்கமாகச் செய்த ஒரே உதவி இது. போனில் நம்பரைப் போட்டுப் பார்த்ததில் ஹெல்மெட் இல்லாததற்கு ஆயிரம் ஆயிரமாக இரண்டு அபராதம் நிலுவை. அதை அவரே கட்டிவிட்டு, 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன். தம்பிக்குக் கோபம். அவன் தெரிந்த புரோக்கர் மூலமாகப் போயிருந்தால் அவனுக்கும் ஏதோ கிடைத்திருக்கும் போல. போன் போட்டால் எடுப்பதில்லை.

அத்தையிடம் நம்பரைச் சொன்னதும் ஆரம்பித்தார்கள். "எட்டா? நான் சாகுற வரைக்கும் அதுல கால வைக்க மாட்டேன்." பாண்டி கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, வாசலுக்கு வந்தது வண்டி. அப்பத்தாவைச் சீண்டலாம் என்று மகன் "சும்மா ஒக்காந்து பாரேன், முக்கு வரைக்கும்" என்றான். முக்கு வரைக்கும் போனவர்கள் திருப்பரங்குன்றம் போய் சாமி கும்பிட்டுவிட்டு வந்தார்கள். இறங்கும்போதே தீர்ப்பு மாறியிருந்தது. "எட்டு சனீஸ்வரன் நம்பருத்தா. கும்புட்டவங்கள கெடுக்க மாட்டாரு."

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் ஒரு சவாரி. ஒருபக்கமாக உட்கார்ந்து, இடது கையால் சாரி கார்டை இறுக்கிப் பிடித்து, "மெதுவாப் போடா, பேராண்டி." காற்று முகத்தில் அடிக்கக்கூடாது என்பதற்காக இல்லை, தெருவில் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக. மகனின் சிநேகிதர்கள் டீக்கடையில் நின்று பார்த்துவிட்டார்கள், அதனால் அவன் என்னோடு பேசுவதில்லை. பெட்ரோல் காசு கேட்டேன், அதனால் எங்க வீட்டுக்காரரும் பேசுவதில்லை.

மாமனார் ஒரு லாம்பி ஸ்கூட்டர் வைத்திருந்தார். அதன் பின்சீட்டில் அரிசி மூட்டை போயிருக்கிறது, கேஸ் சிலிண்டர் போயிருக்கிறது, அவருடைய சீட்டாட்ட சிநேகிதர்கள் எல்லாரும் போயிருக்கிறார்கள். அத்தை போனதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

நேற்று மட்டும் பொறுக்க முடியவில்லை. பெரியார் வரைக்கும் ஒரு வேலை, மகனுக்கும் லீவு. "இன்னைக்கு ஒருநாள் நான் பின்னாடி ஒக்காந்துட்டுப் போறேன் அத்தை" என்றேன். கொண்டையில் பூவைச் செருகிக்கொண்டே அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஒனக்கு எதுக்குத்தா வண்டி? அதான் பொம்பளைகளுக்கு பஸ்ஸு ஓசியாச்சே."