வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டில் ஒரு காலை

அமெரிக்க ஃபெடரல் அப்பீல் கோர்ட்டில் வாதம் நடப்பதைப் பார்க்க வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. டிக்கெட் கிடையாது, கட்டணம் கிடையாது. வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டின் தலைமை நீதிபதி ஸ்ரீ ஸ்ரீனிவாசனை பெஞ்சில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அவருடைய குடும்பத்துக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் மேலத்திருவேங்கடநாதபுரம். எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வாதங்கள் செப்டம்பர் முதல் மே வரை நடக்கும். எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்த மூன்று நீதிபதிகள் என்பதைக் கோர்ட்டின் தளத்தில் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். சில சர்க்யூட்களில், அதாவது வட்டார அப்பீல் கோர்ட்டுகளில், நீதிபதிகளின் பெயர் அன்று காலையில்தான் தெரியும். அந்த வகையில் டிசி சர்க்யூட் எனப்படும் இந்த வாஷிங்டன் கோர்ட் நமக்கு வசதி. அவர் பெயர் இருந்த நாளாகப் பார்த்து லீவு போட்டேன்.

ஜுடிஷியரி ஸ்கொயர் ஸ்டேஷனில் இறங்கினால் கோர்ட் இருக்கும் பிரெட்டிமேன் கட்டடம் நடக்கிற தூரம்தான். வாசலில் விமான நிலையம் மாதிரி சோதனை. செல்போனை அணைத்துவிட வேண்டும். ஒன்பதரைக்கு வாதம். கொஞ்சம் முன்னதாகப் போனால் நல்ல இடம் கிடைக்கும்.

அப்பீல் கோர்ட்டில் சாட்சி இல்லை, ஜூரி இல்லை. "ஓயே, ஓயே" (கேளுங்கள், கேளுங்கள்) என்று கோர்ட் ஊழியர் கூவியதும் மூவரும் வந்து அமர்கிறார்கள். தலைமை நீதிபதி என்பதால் நடு நாற்காலி ஸ்ரீனிவாசனுக்கு. வக்கீல் நிற்கும் மேஜையில் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு. ஒரு தரப்புக்குக் கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது. அன்று எரிவாயுக் குழாய்க்கு அரசு கொடுத்த அனுமதி பற்றிய வழக்கு. வக்கீல் இரண்டாவது வாக்கியத்தை முடிக்கவில்லை, கேள்வி வந்துவிட்டது. அப்புறம் கடைசி வரை கேள்விதான். சிவப்பு எரிந்த பிறகும் விடவில்லை. இரு தரப்பு மனுக்களையும் முன்பே இறக்கிப் படித்திருந்ததால் எனக்குப் பாதியாவது புரிந்தது. படிக்காமல் போனால் நிச்சயம் தூக்கம் வரும்.

அந்த நாற்காலிக்கு அவர் வந்த வழியும் சாதாரணமில்லை. 1967-ல் சண்டிகரில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸில் வளர்ந்தவர். அப்பா அங்கே பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர். ஸ்டான்ஃபோர்டில் சட்டமும் எம்பிஏவும் முடித்து, உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் லா கிளார்க்காக (நீதிபதிக்குச் சட்ட உதவியாளராக) இருந்து, பிறகு அரசுக்காகவும் தனியார் தரப்பிலும் உச்ச நீதிமன்றத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகளை வாதாடியவர். ஒபாமா 2012-ல் பெயரை முன்மொழிந்தார். 2013 மே மாதம் செனட் 97-0 என்று ஏற்றது. எதற்கெடுத்தாலும் சண்டை போடும் செனட்டில் ஓர் எதிர் ஓட்டுகூட இல்லை! ஃபெடரல் அப்பீல் நீதிபதியான முதல் தெற்காசிய வம்சாவளியினர் அவர். பகவத் கீதையின் மேல் கைவைத்துப் பதவியேற்றார். 2016-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயர் பலமாக அடிபட்டது. ஒபாமா தேர்ந்தெடுத்தது இதே கோர்ட்டின் அப்போதைய தலைமை நீதிபதி கார்லண்டை. 2020 பிப்ரவரியில் அந்தத் தலைமைப் பொறுப்பு இவருக்கு வந்தது.

தீர்ப்பை அன்றே சொல்லமாட்டார்கள், மாதக்கணக்கில் ஆகும். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் தளத்தில் ஏற்றுகிறார்கள். நேரில் போக வழியில்லாதவர்கள் வீட்டிலிருந்தே வாதத்தின் ஆடியோவை நேரலையில் கேட்கலாம். ஆனால் எந்தக் குரல் எந்த நீதிபதியுடையது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும்.