கண்ணாடிக் கதவும் கொஞ்சம் புகையும்

நேற்று ஒரு ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்திலேயே 'புகைபிடிக்கும் பகுதி' என்று ஒரு கண்ணாடி அறை, கதவு திறக்கும்போதெல்லாம் ஒரு வீச்சு நேராக நம் தட்டுக்கு. கேட்டால், "சட்டப்படிதான் சார் வச்சிருக்கோம்" என்கிறார்கள். உண்மைதான். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை வந்தபோதே, 30 பேரோ அதற்கு மேலோ உட்காரக்கூடிய உணவகங்களுக்கு இந்த ஓட்டையை விட்டுவிட்டார்கள்.

அயர்லாந்தில் 2004 மார்ச் 29இல் பப், உணவகம் எதையும் விடாமல் உள்ளே புகைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். டப்ளினில் 42 பப்களில் தடைக்கு முன்னும் பின்னும் காற்றை அளந்து பார்த்தால், பிஎம் 2.5 நுண்துகள் 83 சதவீதம் குறைந்திருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் என்ற வேதிப்பொருள் 80 சதவீதம். நாமாவது ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவோம், நாள் முழுக்க அங்கேயே நிற்கும் ஊழியர்களை நினைத்துப் பாருங்கள்.

ஏசி இருக்கிறதே என்பார்கள். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும், புகையையும் சேர்த்து.

அப்புறம் மேசை மாற்றிக் கொடுத்தார்கள். கழிவறைப் பக்கம்.