பிறையில் ஷிப்ட் ஆப்பரேட்டராகத் தொடங்கி, இரசாயனப் பாதுகாப்புத் துறைக்கு வந்த வழி

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் பிள்ளைகளைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். இரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு என்றால் என்ன வேலை, அதில் படிப்படியாக மேலே வர வழியுண்டா என்பதே அது. ஹெல்மெட் அணியாதவரைக் கண்டிப்பதும் அறிவிப்புப் பலகை மாட்டுவதும்தான் அந்த வேலை என்று பலர் நினைத்திருக்கிறார்கள். கலன்களிலும் குழாய்களிலும் அடைபட்டிருக்கும் பொருள் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதும், வந்துவிட்டால் உயிர்ச்சேதமின்றி அதைக் கட்டுக்குள் கொண்டுவருவதும் எங்கள் வேலை. முன்னதைச் செயல்முறைப் பாதுகாப்பு என்றும் பின்னதை அவசரகால நடவடிக்கை என்றும் இரண்டு துறைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். நான் வந்த வழியில் அவை பிரிந்ததில்லை. இத்தொழிலுக்கு வருபவர் இரண்டையும் சேர்த்தே கற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேதிப் பொறியியல் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்துவிட்டு, குளோரினையும் எரிசோடாக் கரைசலையும் கொண்டு வெளுப்புத் திரவம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் ஆப்பரேட்டராகச் சேர்ந்தேன். தொடக்கத்தில் எனக்குத் தரப்பட்ட வேலை, குழாய்களின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயையும் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை நடந்து பார்ப்பது. எந்த வால்வு எங்கே இருக்கிறது, அது திறந்திருக்க வேண்டியதா மூடியிருக்க வேண்டியதா, அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்விலிருந்து வாயு எங்கே போய்ச் சேரும் என்பதையெல்லாம் எழுதி, எங்கள் ஷிப்டின் மூத்த ஆப்பரேட்டரிடம் காட்ட வேண்டும். ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த அந்த அண்ணன் என் குறிப்புகளைப் படித்துப் பார்ப்பதோடு விடமாட்டார். "சரி தம்பி, விளக்கு அணைந்து, முகமூடிக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தால் இந்த வால்வுக்கு எப்படிப் போவாய்?" என்று கேட்டு, மறுபடியும் நடக்க வைப்பார். பின்னாளில் நான் சென்ற எந்த வகுப்பும் அந்த நடையின் இடத்தை நிரப்பவில்லை. பட்டம் பெற்று நேராக அலுவலகத்தில் அமரும் இளம் பொறியியலாளர்களிடமும், முதல் ஆண்டை ஷிப்டில் கழிக்கக் கேட்டு வாங்குங்கள் என்றே சொல்லி வருகிறேன்.

சட்டத்தைப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1991 மே 7ஆம் தேதி சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து 26 பேர் மாண்டனர். அந்த வடு ஆறாத காலத்தில், 1994இல், வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. பெரும் விபத்து ஆபத்துள்ள தொழிற்சாலைகளுக்கென்றே சிமா என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் விதிமுறைகள் 1996இல் வந்தன. இந்த வரலாற்றோடு சேர்த்துப் படித்ததால், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை எனக்கு அவ்வளவாக ஏற்படவில்லை. ஒரு விதி ஏன் இருக்கிறது என்று தெரிந்தவனுக்கு அது என்ன கேட்கிறது என்பது எளிதில் நினைவுக்கு வருகிறது.

முதலில் எடுத்த சான்றிதழ், அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான வாயுச் சோதனையாளர், நுழைவு மேற்பார்வையாளர் பயிற்சி. தொட்டிக்குள்ளோ சாக்கடைக் குழிக்குள்ளோ ஆள் இறங்குவதற்கு முன் உயிர்வாயு, எரியக்கூடிய வாயு, நச்சு வாயு ஆகிய மூன்றையும் மேல், நடு, அடி என எல்லா மட்டத்திலும் அளந்து, அதன் பிறகே பெர்மிட் எனப்படும் வேலை அனுமதிச் சீட்டில் கையொப்பமிட வேண்டும். உயிர்வாயு 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எவரும் இறங்கக் கூடாது. மூக்கை நம்பவே கூடாது. அழுகிய முட்டை நாற்றத்தால் தெரியவரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவைத் தாண்டும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஆள் நிம்மதி கொள்ளும் நேரமே மிக மோசமான நேரம். இத்தகைய இடங்களில் மாண்டவர்களைப் பற்றி அமெரிக்காவில் 1980களில் நடந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று தெரியவந்தது. உள்ளே விழுந்தவன் தம்பியாகவே இருந்தாலும் சுவாசக் கருவியின்றி இறங்காதே என்பதைப் பயிற்றுநர் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். நம் பிள்ளைகள் பாசத்தால் குதித்துவிடுகிறார்கள் என்பதால், இதை வீட்டிலும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு தொழிற்சாலையின் அவசரகாலக் குழுவில் சேர்ந்தேன். இதற்குத் தனிச் சம்பளம் பெரிதாக இருக்காது. ஆனால் தொழிலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதலில் கற்பது பி.ஏ. செட் எனப்படும் சுவாசக் கருவி. 6.8 லிட்டர் உருளையில் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,040 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் 50 நிமிடம் வரும். தரம் ஏ எனப்படும், உடல் முழுவதையும் காற்றுப் புகாமல் மூடும் உடையை அணிந்து, பினாங்கு வெயிலில் கனமான கருவிகளைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூச்சு இரட்டிப்பாகிவிடும். போகும் நேரம், திரும்பும் நேரம், உடையைக் கழற்றும் முன் கழுவப்படும் நேரம் ஆகியவற்றைக் கழித்தால், வால்வின் முன் நின்று வேலை செய்யக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களை முன்கூட்டியே ஒத்திகையில் செலவிட்டுப் பழகியவர்தான் உள்ளே போய்ப் பயன்படுவார்.

குளோரினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செயல்முறையும் மீட்பும் எப்படி ஒன்றாகப் பின்னியிருக்கின்றன என்பதை எனக்குக் காட்டியது அதுவே. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. தரையோடு ஒட்டி, கால்வாய்களிலும் பள்ளங்களிலும் இறங்கும். 10 பிபிஎம் அளவே உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுக்கப்பட்டுள்ளது. ஒரு டன் உருளையில் இரண்டு வால்வுகள் உண்டு. உருளையைக் கிடையாக வைத்து, இரண்டையும் நேர்செங்குத்தாக நிறுத்தினால் மேல் வால்விலிருந்து வாயுவும் கீழ் வால்விலிருந்து திரவமும் வரும். ஒரு பங்கு திரவம் ஆவியானால் ஏறக்குறைய 460 பங்கு வாயுவாகும். எனவே திரவம் கசியும் உருளையை, கசிவு மேலே வருமாறு உருட்டிவிட்டால், அடைப்பதற்கு முன்பே வெளியேறும் அளவு பெரிதும் குறைந்துவிடும். கசியும் இடத்தின்மீது தண்ணீர் பீய்ச்சக் கூடாது. ஈரமான குளோரின் எஃகை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். சிறு கசிவைக் கண்டுபிடிக்க, அம்மோனியாக் கரைசலின் ஆவியை அருகே காட்டினால் வெண்புகை எழும். பயிற்சியில், டன் உருளைக்கென வடிவமைக்கப்பட்ட அடைப்புக் கருவிப் பெட்டியை, தடித்த கையுறையோடு கண்ணைக் கட்டிக்கொண்டும் திறந்து பொருத்தினோம்.

நம் ஊர்களில் அதிகம் கேள்விப்படுவது ஐஸ் தொழிற்சாலைகளின் அம்மோனியாக் கசிவு. அங்கே கணக்கு மாறும். அம்மோனியா வாயு தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால், காற்றில் பரவும் வாயுவை நீர்த்திரையால் தடுக்கலாம். ஆனால் தேங்கிக் கிடக்கும் திரவ அம்மோனியாவின்மீது நீர் ஊற்றினால் அது மேலும் வேகமாகக் கொதித்து எழும். வாயுவாக அது காற்றைவிட இலேசானது என்று புத்தகம் சொன்னாலும், குளிர்ந்த நிலையில் வெளிவரும் மேகம் தரையோடு தவழ்வதுண்டு. பொருளுக்குப் பொருள் மாறும் இந்த நடத்தையை அறியாமல் எல்லாக் கசிவுக்கும் ஒரே தண்ணீர்க் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புதிதாக வருபவர்கள் உணர வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பின்பே, செயல்முறையில் ஒளிந்திருக்கும் ஆபத்துகளை முன்கூட்டியே தேடும் ஹேசாப் ஆய்வுக் கூட்டங்களில் அமர எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. 1960களில் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் உருவான முறை இது. செயல்முறையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓட்டம் இல்லாவிட்டால் என்ன, மிகுந்தால் என்ன, குறைந்தால் என்ன, எதிர்த்திசையில் போனால் என்ன என்று குழுவாகக் கேட்டுக்கொண்டே போவார்கள். எங்கள் ஆலையில் எதிர்த்திசை என்ற கேள்வி வந்தபோது, எரிசோடாத் தொட்டியிலிருந்து கரைசல் பின்னோக்கி உறிஞ்சப்பட்டு உலர்ந்த குளோரின் குழாய்க்குள் ஏறினால் என்னாகும் என்பதை விரித்துப் பேசினோம். உருளை காலியாகி அழுத்தம் இறங்கும் நேரத்தில் அது நடக்கக்கூடும் என்பதை வரைபடம் சொல்லவில்லை. இரவு ஷிப்டில் உருளை மாற்றும் ஆப்பரேட்டர்களே சொன்னார்கள். அவர்களை அழைக்காமல் நடத்தும் ஹேசாப் கூட்டத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. 1974 ஜூன் 1ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில், கழற்றப்பட்ட ஒரு கலனுக்குப் பதிலாகப் பொருத்திய தற்காலிகக் குழாய் பிய்ந்து, சைக்ளோஹெக்சேன் ஆவி வெடித்து 28 பேர் இறந்தனர். அன்று சனிக்கிழமை என்பதால் அலுவலகங்கள் வெறிச்சோடியிருந்தன. வேலைநாளாக இருந்திருந்தால் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும். தற்காலிகம் என்ற சொல்லைப் பெர்மிட்டில் பார்த்தால் இன்றும் நான் முதலில் கேட்பது, வடிவமைப்பைச் சரிபார்த்தது யார் என்பதுதான்.

சிமா விதிமுறைகளின்கீழ் வளாக அவசரகாலத் திட்டத்தைத் திருத்தும் பணியில் சேர்ந்தபோது, இரண்டு பக்க அறிவும் ஒருசேரப் பயன்பட்டது. பிறையில் கடல் மேற்கே இருக்கிறது. பகலில் கடற்காற்று கிழக்கே, குடியிருப்புகளை நோக்கி வீசும். இரவில் நிலக்காற்று திரும்பிக் கடலை நோக்கிப் போகும். ஆபத்து நேரத்தில் எல்லாரும் வெளியேறி வந்து சேரும் கூடுமிடத்தைப் பகல் காற்றை மட்டும் மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், அது இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்கு நேராக வாயுவின் பாதையில் விழக்கூடும். அதனால் எதிரெதிர்த் திசைகளில் இரண்டு கூடுமிடங்களை வைத்து, காற்றுத்திசை காட்டும் துணிக்குழலை எல்லா வாசல்களிலிருந்தும் தெரியுமாறு விளக்கோடு நிறுத்தச் செய்தோம். கணினியில் வாயுப் பரவலைக் கணக்கிடும்போது, காற்று நன்றாக வீசும் பகலோடு, காற்று அடங்கிய இரவையும் தனியாகக் கணக்கிட வேண்டும். இரவில் வாயு கலைந்து நீர்த்துப்போகாமல் நெடுந்தூரம் அடர்த்தியாகவே போகும். போப்பாலில் 1984 டிசம்பரில் மக்கள் உறங்கிக்கொண்டிருந்த நள்ளிரவில் மெத்தில் ஐசோசயனேட் பரவியதை அறிந்த எவரும் இந்த இரவுக் கணக்கை இலேசாக விடமாட்டார்.

மொழி இன்னொன்று. எங்கள் ஒலிபெருக்கி அறிவிப்பு நெடுங்காலம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. வளாகத்தில் வேலை செய்தவர்களில் நேப்பாளிகளும் வங்காளதேசத்தவரும், துப்புரவுக் குத்தகையில் வந்த நம் அக்காமார்களும் இருந்தார்கள். அவரவர் மொழியில் அறிவிப்பைப் பதிவு செய்து, முன்னறிவிப்பின்றி ஓர் இரவு ஒத்திகை நடத்தியபோது, கூடுமிடத்தில் தலை எண்ணி முடிக்கும் நேரம் கண்கூடாகக் குறைந்தது. தீயணைப்பு மீட்புத் துறையினர், நாம் பொம்பா என்றே சொல்வோம், வாசலுக்கு வந்து முதலில் கேட்பது உள்ளே எத்தனை பேர், என்ன பொருள், எவ்வளவு என்பதைத்தான். அதற்கு விடை சொல்லும் ஒருவர், அடையாள அங்கியோடு, காற்று வரும் பக்கத்து வாசலில் காத்திருக்க வேண்டும். திட்டத்தில் இதற்கு ஒரு வரிதான். ஒத்திகையில் இதுவே பெரும்பாலும் தவறிப்போகிறது.

பாதுகாப்பு, சுகாதார அதிகாரிக்கான வகுப்பையும் எழுத்துத் தேர்வுகளையும் இவற்றுக்கு நடுவே நியோஷ் எனப்படும் தேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரக் கழகத்தின் வழியாக முடித்தேன். தேர்வில் வென்றதோடு பதிவு கிடைத்துவிடாது. துறையில் 3 ஆண்டு அனுபவத்தைக் காட்டி, டோஷ் எனப்படும் அரசின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 5 பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் சிறு கடைகளைத் தவிர்த்துப் பார்த்தால், அதிகாரி தேவைப்படாத நிறுவனங்களும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டியிருக்கிறது. பட்டம் இல்லாமல் தொடங்குபவருக்கு அது நல்ல வாசல். வகுப்புக் கட்டணத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 10 அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்கள் உள்ள உற்பத்தி நிறுவனங்கள், தொழிலாளர் பயிற்சி நிதியை நடத்தும் எச்.ஆர்.டி. கார்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி செலுத்துகின்றன. அந்தப் பணத்திலிருந்து உங்களை அனுப்பும்படி மேலாளரிடம் எழுத்து மூலம் கேட்கலாம்.

கடைசியாக, ஆவணங்கள். பார்த்த ஒத்திகை, கையொப்பமிட்ட பெர்மிட், அமர்ந்த ஹேசாப் கூட்டம் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது முதலாளி தரும் அனுபவக் கடிதத்தில் பதவிப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. செய்த வேலைகள் பெயர் சொல்லி இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை வேலையை விட்டு நின்ற பிறகு கேட்டு அலையாமல், நிற்பதற்கு முன்பே குறிப்பேட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.