முன்வரிசையில் ஆறு பேர்

"சினேகபூர்வப் போட்டிதானே, யாரைப் போட்டால் என்ன?"

அந்த மூன்று வாரத்தில் இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணி வைக்கவில்லை. அனுசரணை தரப்பில் ஒருவர் கேட்டார். ஒரு பாடசாலையின் பழைய மாணவர் இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். என் மைத்துனர்கூடத் தன் கூட்டாளியின் தம்பிக்காக, சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். எல்லோரும் நல்ல மனத்தோடுதான் கேட்டார்கள். அதுதான் தொல்லை.

வெளிநாட்டு அழைப்பு அணி ஒன்று கொழும்புக்கு வந்து இலங்கை றக்பி அணியோடு ஒரேயொரு போட்டி ஆடுவதாக ஏற்பாடு. கிண்ணம் கிடையாது, தரவரிசைப் புள்ளி கிடையாது. நான் தெரிவுக்குழுவில் உறுப்பினன் அல்லன். கழகப் போட்டிகளின் காணொளிகளைப் பார்த்து ஒவ்வொரு வீரரைப் பற்றியும் குறிப்பெடுப்பது, கூட்டத்தில் பேசுவதை எழுதிக்கொள்வது, கடிதம் அடிப்பது, இவ்வளவுதான் என் வேலை. வாக்கு இல்லை. ஆனால் மேசையில் எல்லோர் கையிலும் இருந்தது நான் தயாரித்த அட்டவணைதான். அதன் பாரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

குழுத் தலைவர் ஒரு காலத்தில் முன்வரிசையில் ஆடியவர். இரண்டு காதும் நசுங்கி, மடித்து வைத்த வெற்றிலை மாதிரி இருக்கும். அவருக்கு நான் 'மல்லி', எனக்கு அவர் 'அய்யே'. சிங்களத்தில் தம்பி, அண்ணன். முதல் கூட்டத்தில் பிளேன் டீயும் மீன் வைத்த மாலு பாணும் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "மூன்றாம் இலக்கத்தை எழுது. அதற்குப் பிறகு அவனுக்குப் பதிலாள். மற்றவர்களைப் பிறகு பார்க்கலாம்."

பார்வையாளர் கூட்டம் விங்கில், அதாவது மைதானத்தின் ஓரத்தில், ஓடுபவனைப் பார்க்கத்தான் வருகிறது. தெரிவுக்குழு ஸ்க்ரம்மில் இருந்து தொடங்குகிறது. பக்கத்துக்கு எட்டுப் பேர் குனிந்து, பிடித்து, முட்டித் தள்ளும் அந்த இடத்தில் முன்னே நிற்பவர்கள் மூவர். இடப்பக்கம் 1, நடுவில் ஹூக்கர் 2, வலப்பக்கம் 3. ஓரத்து இருவருக்கும் ப்ரொப் என்று பெயர். முதலாமவனின் தலைக்கு ஒரு பக்கம் வெளியே காற்று உண்டு. மூன்றாமவனின் தலை எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். அவனுடைய முதுகும் கழுத்தும் அதற்கென்றே பழகியிருக்க வேண்டும். பழகாதவனை அங்கே நிறுத்தினால் தோல்வி ஒரு பொருட்டே இல்லை, கழுத்து போய்விடும். அதனால் சட்டமே இதில் கறாராக இருக்கிறது. 23 பேர் கொண்ட குழாத்தில் முன்வரிசைக்குப் பழகியவர்கள் 6 பேர் இருந்தாக வேண்டும். 22 என்றால் 5 பேர் போதும்.

இந்த ஆறு என்ற எண் மற்ற எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆரம்ப 15 பேரை விட்டால் மாற்று வீரர்கள் 8 பேர். அதில் மூன்று இடம் முன்வரிசைக்கே போய்விடும். இன்னும் இரண்டு மற்ற முன்கள வீரர்களுக்கு. மீதி மூன்றே மூன்று இடத்தில் ஸ்க்ரம் ஹாஃப் முதல் ஃபுல் பேக் வரை ஏழு நிலைகளுக்கும் ஆள் வைக்க வேண்டும். ஆகவே அங்கே உட்காருகிறவன் இரண்டு மூன்று நிலையில் ஆடத் தெரிந்தவனாக இருப்பான். அந்த வருடம் நாட்டிலேயே வேகமான பொடியன் ஒருவன் இடது விங்கில் மட்டும் ஆடுவான், வேறு எங்கும் ஆடமாட்டான். ஆரம்ப அணியில் அவனுக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார். பொடியன் வெளியே. பத்து மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது அவனுக்காகத்தான். நான் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "சினேகபூர்வப் போட்டிதானே தம்பி" என்றார்.

நாட்டுக்கு நாடு ஆடும் உண்மையான டெஸ்ட் போட்டி என்றால் ஒருவரை விடுவதற்கு ஒரு காரணம் தயாராக இருக்கும்: வெல்ல வேண்டும். அதைச் சொன்னால் வீரனும் வாயை மூடிக்கொள்வான், அவனுடைய அப்பாவும் மூடிக்கொள்வார். வெல்வது முக்கியமில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்ட போட்டியில் எதைச் சொல்லி ஒருவரை விடுவது? எல்லோருக்கும் இடம் கொடுக்கலாம் போலத் தோன்றும், ஆனால் ஜேர்சி 23தான். இதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. பிறகு வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட போட்டிகள் இங்கே புதிதல்ல. 1907இல் பிரித்தானியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த ஒரு நியூசிலாந்து அணி கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போனது. றக்பிக்கான சங்கம் இங்கே அமைந்தது அதற்கு அடுத்த வருடம், 1908இல். அதாவது அணி முதலில், சங்கம் பிறகு. 1950இல் நியூசிலாந்து, அவுஸ்திரேலியா பயணத்தை முடித்துத் திரும்பிய பிரிட்டிஷ் லயன்ஸ், பிரித்தானியத் தீவுகளின் கூட்டணி, கொழும்பில் ஆடி 44-6 என்று வென்றது. அப்போது ஒரு ட்ரைக்கு, அதாவது எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு, 3 புள்ளிதான், இன்றைக்குப் போல 5 அல்ல. எனவே அந்த 44 இன்றைய 44ஐவிடப் பெரியது. அந்தப் பதினைந்து பேரைத் தெரிவு செய்தவர்கள் யாரை விட்டார்கள், என்ன சொல்லி விட்டார்கள் என்று ஒரு கூட்டத்தின் நடுவில் யோசித்துக்கொண்டிருந்து, இரண்டு வரி எழுதத் தவறிவிட்டேன்.

எங்கள் குடும்பத்துக்கும் இந்த ஆட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. டிக்கோயா பக்கம் தரவளை மைதானத்தில் தோட்டத் துரைமார் ஆடும்போது சுண்ணாம்புக் கோடு போட்டவர்களில் என் தாத்தாவும் ஒருவர். ஆட்டம் அவருக்குக் கடைசி வரை விளங்கவில்லை. "தொரமாருங்க கட்டிப் பிடிச்சு உருளுவாங்க, பொறவு கை குடுத்துக்கிட்டு பீர் குடிப்பாங்க" என்பார். கோடு மட்டும் நேராக இருக்கும் என்பதில் அவருக்குப் பெருமை.

சரி, அட்டவணைக்கு வருகிறேன்.

ஒன்றாம் இலக்கத்துக்கு எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். முதலாமவரில் சந்தேகமில்லை. இரண்டாமவருக்கு முந்திய வாரம் தலையில் அடிபட்டிருந்தது. டொக்டர் பெயரை வெட்டினார், அதில் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாமவர் படை அணி ஒன்றில் ஆடுபவர், முப்பது தாண்டியவர், நாட்டுக்காகப் பல வருடம் தள்ளிய தோள். அவர்தான் மாற்று வீரர் என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் என் அட்டவணையில் வேறொரு வரி எல்லோர் கண்ணிலும் பட்டது. கண்டிப் பக்கத்து முஸ்லிம் பொடியன், இருபத்தொரு வயது, ஹூக்கர். அவனுக்கு நேரே நான் '2, 1' என்று போட்டிருந்தேன். இரண்டு நிலையிலும் ஆடுவான் என்று அர்த்தம்.

"நிச்சயமா, மல்லி?" என்றார் தலைவர்.

"பார்த்தேன், அய்யே. ஒரு கழகப் போட்டியில் இரண்டாம் பாதி முழுக்க ஒன்றில் நின்றான். ஸ்க்ரம் ஒரு தடவைகூட ஆட்டம் காணவில்லை."

புதுமுகம், இரண்டு நிலை, போட்டியோ சினேகபூர்வப் போட்டி. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

விடுபட்டவர் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பது தலைவரின் கட்டளை. அந்தத் தடவை அழைக்கும் வேலை எனக்கு வந்தது. விங் பொடியன் அழுதான். அழுகிறவர்களிடம் பேசுவது சுலபம். மூத்தவர் அழவில்லை. இளைஞர்களுக்கு இடம் கொடுக்கிறோம் என்று நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "டெஸ்ட் மெட்ச் என்றால் என்னைப் போட்டிருப்பீர்களா?" என்றார்.

"ஓம்."

"அப்போ சின்ன விளையாட்டுக்குத்தான் நான் வேண்டாம்." கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்ப்பவர் போலச் சொன்னார். பிறகு, தான் ஏற்கெனவே மேலதிகாரியிடம் லீவுக் கடிதம் வாங்கி வைத்திருப்பதாகவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

குழாம் கூடிய இரண்டாம் நாள் மாலை. மறுநாள் காலையில்தான் மாற்று வீரர்களை வைத்து முழுத் தள்ளலோடு ஸ்க்ரம் பயிற்சி. நான் கூம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கண்டிப் பொடியன் வந்து பக்கத்தில் நின்றான். அவனும் இரண்டு கூம்பைப் பொறுக்கினான்.

"அண்ணே, நான் ஒண்ணுல தள்ளினதே இல்ல."

எனக்கு விளங்கவில்லை. காணொளியைப் பற்றிச் சொன்னேன்.

"அன்டைக்கு எங்க ப்ரொப் ரெண்டு பேருக்கும் அடி. ஆள் இல்லாம நான் போய் நின்டேன். ரெஃப்ரி தள்ள வேணாம்னு சொல்லிட்டாரு. சும்மா சாஞ்சுகிட்டு நின்டோம், அவ்வளவுதான்."

தள்ளாத ஸ்க்ரம். முன்வரிசைக்குப் பழகிய ஆள் தீர்ந்துவிட்டால் மத்தியஸ்தர் அப்படித்தான் ஆடவைப்பார். இரு பக்கமும் எட்டுப் பேரும் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், யாரும் தள்ளக்கூடாது, பந்தைப் போட்ட அணியே எடுத்துக்கொள்ளும். ஆட்டம் காணாமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றிரவு அந்தக் காணொளியைத் திரும்பப் போட்டேன். நான் எப்போதும் சத்தத்தை நிறுத்திவிட்டுத்தான் பார்ப்பேன். எங்கள் மைதானங்களில் பாப்பரே வாத்தியம் ஒரு நிமிடம் ஓயாது. ட்ரம்பெட்டும் மேளமுமாக எண்பது நிமிடம் காதில் விழுந்தால் குறிப்பு எடுக்க முடியாது. இப்போது சத்தத்தோடு பார்த்தேன். வர்ணனையாளர் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தெளிவாகச் சொல்கிறார்: இனித் தள்ளாத ஸ்க்ரம்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று தயாராகப் போனேன். அவர் என் மடிக்கணினியை வாங்கி அந்தக் காட்சியை மூன்று முறை ஓடவிட்டார். "சத்தம் எதற்கு? நீ காலைப் பார்த்திருக்கிறாய், மல்லி. கால் நேராக நின்றால் ஸ்க்ரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிட்டாய். தோளைப் பார். ஒருவன் தோளிலும் இறுக்கம் இல்லை." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பொடியன் தானாகவா வந்து சொன்னான்?" என்று மட்டும் கேட்டார்.

அதை நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் அவனுக்கு ஜேர்சி கிடைத்திருக்கும். காலைப் பயிற்சியை எப்படியாவது சமாளித்து, போட்டியில் ஒன்றாம் இலக்கக்காரருக்கு அடிபடாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். இரண்டு இரவு அதை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதும் உண்மை. நான் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, "தம்பி, நீ ஒன்றில் ஆடுவாயா?" என்று கேட்டிருந்தால் ஒரு நிமிட வேலை. காணொளி இருக்கும்போது ஆளிடம் ஏன் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

மறுபடி மூத்தவருக்கு அழைக்க வேண்டியிருந்தது. அதையும் நான்தான் செய்ய வேண்டும் என்று தலைவர் சொல்லவில்லை. ஆனால் வேறு யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்றாவது மணியில் எடுத்தார். இந்தத் தடவை காரணம் எதுவும் ஜோடிக்காமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அட்டவணையில் பிழை, பிழை என்னுடையது, பொடியன் உண்மையைச் சொல்லிவிட்டான், ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேனே" என்றார். "புதிதாக ஒன்று அடித்து அனுப்புங்கள். காலையில் பயிற்சி எத்தனை மணிக்கு?"

அந்தக் கடிதத்தை நான் நான்கு தடவை வாசித்துவிட்டு அனுப்பினேன்.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தோற்றோம். வந்தவர்கள் பெரியவர்கள், நாங்கள் கடைசி இருபது நிமிடம் நன்றாக ஆடினோம். இரண்டாம் பாதியில் மூத்தவர் உள்ளே போனார். மத்தியஸ்தர் குனியச் சொல்லி, பிடிக்கச் சொல்லி, மோதச் சொன்னார். நான் பந்து எங்கே போனது என்று பார்க்கவில்லை. அவருடைய தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறுகி, ஒரு சாண் கீழே இறங்கி, அப்படியே நின்றது. எனக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்ற கண்டிப் பொடியனும் அதையேதான் பார்த்தான் போல. வாய்க்குள் "அல்லாஹ்" என்றான். அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்றுநர் குழாத்தோடு வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிந்ததும் மூத்தவர் என்னைக் கடந்து போகையில் தலையை மட்டும் அசைத்தார். மன்னித்துவிட்டாரா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அட்டவணையில் இப்போது ஒரு கட்டம் கூடுதலாக இருக்கிறது. தலைப்பு, 'தள்ளியதா?' அதற்கு அடுத்த கட்டம், 'ஆளிடம் கேட்டதா?'

அடுத்த பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு வட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. யாரோ வேலிக்குப் பின்னால் நின்று கைத்தொலைபேசியில் எடுத்தது. நாற்பது விநாடிதான். மழை, சேறு, ஒரு ஸ்க்ரம். இடப்பக்கம் 1 போட்ட ஜேர்சியில் கண்டிப் பொடியன், உடம்பு கொஞ்சம் தடித்திருந்தான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான்:

"அண்ணே, இது தள்ளின ஸ்க்ரம். சத்தத்தக் கூட்டி வச்சுப் பாருங்க."