கண்ணாடித் தொட்டியில் வெங்காயம்

110 பவுண்டு கொடுத்து வாங்கிய கண்ணாடித் தொட்டி எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. இப்போதைக்கு அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம். ஆமைக்குஞ்சுகளுக்காக வாங்கியது அது. குஞ்சுகள் ஒரு நாள்கூட அதற்குள் இருக்கவில்லை, அதுவே நல்லதாகப் போயிற்று. அதனால் பணம் போனதில் வருத்தமில்லை என்று சொல்ல ஆசைதான். வருத்தம் இருக்கிறது.

இருப்பது லண்டனில், ஹாரோ பக்கம். மகளுக்கு நாய், பூனை முடி ஒத்துக்கொள்ளாது. மூன்று வருட நச்சரிப்புக்குப் பிறகு ஹெர்மன் ஆமை என்று முடிவானது. மத்தியதரைக்கடல் நாடுகளின் நிலத்தாமை, உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு. செய்தியைச் சொன்னதும் மானாமதுரையில் இருந்து அம்மா போனில் ஆரம்பித்துவிட்டார். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படுமாடா?”

“இங்க ஆமையே கவர்மென்ட் காகிதத்தோடதாம்மா வரும்” என்றேன். “அப்ப ரெண்டும் சேந்தே வருதா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. ஹெர்மன் ஆமையை இங்கே காசுக்கு விற்க வேண்டுமென்றால் ‘ஆர்ட்டிகிள் 10’ சான்றிதழ் வேண்டும். அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அது. அடிஓடு 60 மில்லிமீட்டருக்கு வளராத குஞ்சுக்கு மைக்ரோசிப் தேவையில்லை, ஆனால் காகிதம் இல்லாமல் விற்கக் கூடாது. இந்த ஒரு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அதனால்தான் முதல் பயணம் வீணானாலும் தலை தப்பியது.

விளம்பரம் பார்த்துக் கென்ட் பக்கம் இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். குஞ்சுகள் துறுதுறுவென்றுதான் இருந்தன. சான்றிதழ் எங்கே என்றதும் அந்த ஆள் “விண்ணப்பித்திருக்கிறேன், தபாலில் அனுப்பிவிடுகிறேன், பணத்தை மட்டும் இப்போது ரொக்கமாகக் கொடுங்கள்” என்றார். மகள் ஏற்கெனவே ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டாள். திரும்பி வரும் வழி முழுக்க அழுகை. காகிதம் கையில் வராமல் பணம் கொடுக்காதீர்கள். குழந்தையை முதல் தடவையே கூட்டிக்கொண்டும் போகாதீர்கள்.

(ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று. நம் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கவே வேண்டாம். 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019இல், அழியும் இனங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்கே அதை ஏற்றிவிட்டார்கள். ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லி யாராவது விற்க வந்தால், அப்போது அமீனா நிஜமாகவே வருவார்.)

இரண்டாவது பயணம் எஸ்ஸெக்ஸுக்கு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், இருபது வருடமாகத் தோட்டத்தில் ஆமை வளர்ப்பவர். காகிதமெல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தயாராக வைத்திருந்தார். இந்தத் தடவை வேலை முடிந்தது என்று பணத்தை எடுத்தேன். “இருங்கள், எதில் வைக்கப் போகிறீர்கள்?” என்றார். பெருமையாகப் போனில் படத்தைக் காட்டினேன். பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “இன்றைக்குக் குஞ்சு இல்லை” என்றார்.

நான் காட்டிய படம், கடைக்காரர் ‘எல்லாம் இதிலேயே இருக்கிறது’ என்று விற்ற தொகுப்பு: கண்ணாடித் தொட்டி, சுருள் பல்ப், ஒரு மூட்டை மரச்சீவல், சுவரில் ஒட்டும் முள் வைத்த வெப்பமானி. அதைச் சன்னலோரம் வைத்திருந்தேன், வெயில் வரட்டும் என்று. ஆசிரியை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டார். ஆமைக்குக் கண்ணாடி என்றால் என்னவென்றே தெரியாது. எதிரே தெரியும் இடத்துக்குப் போக நாள் முழுக்க முட்டிக்கொண்டே இருக்கும். சன்னல் வழியாக வெயில் வரும், ஆனால் ஆமைக்கு வேண்டிய புறஊதாக் கதிர், அதாவது யூவிபி, கண்ணாடியைத் தாண்டி வராது. சூடு மட்டும் உள்ளே சேர்ந்து, நாலு பக்கமும் மூடிய தொட்டியில் குஞ்சு வெந்துவிடும். யூவிபி இல்லையென்றால் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகாது. டி3 இல்லையென்றால் தின்னும் சுண்ணாம்புச் சத்து ஒட்டாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். காய்ந்த மரச்சீவலில் ஈரம் நிற்காது, அதனால் ஓடு மேடுமேடாகக் கோபுரம் கட்டும். தீனி அதிகமானால்தான் அப்படி ஆகும் என்று நான் எங்கேயோ படித்திருந்தேன். ஆப்பிரிக்க ஆமைக்குஞ்சுகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வில் புரதத்தைவிட ஈரப்பதம்தான் பெரிய காரணம் என்று வந்திருக்கிறது என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. மகளுக்கு மறுபடியும் அழுகை வந்தது. காரில் பாதி வழி வந்த பிறகுதான் அந்த அம்மாள் மேல் மரியாதை வந்தது. விற்க வந்த பொருளை விற்காமல் திருப்பி அனுப்பியவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைக்குப் போனேன். “பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே” என்றார் கவுன்டரில் இருந்த பையன். பிரிக்காமல் எப்படி மாட்டிப் பார்ப்பது என்றேன். மேலாளரைக் கூப்பிட்டான். அவர் வந்து, “இதில் ஆமை படம் போட்டிருக்கிறது பாருங்கள்” என்று அட்டையைக் காட்டினார். உண்மைதான், படம் இருந்தது. மரச்சீவல் மூட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான காசையும் கடைக் கூப்பனாகத் தந்தார்கள். அந்தக் கூப்பன் இன்னும் பர்ஸில்தான் இருக்கிறது.

அதன் பிறகு செய்ததெல்லாம் ஏறக்குறைய ஓசி. பக்கத்து வீட்டார் காலி செய்யும்போது வாசலில் போட்ட மரப் புத்தக அலமாரியைக் கொண்டுவந்து மல்லாக்கப் படுக்க வைத்தேன். நடுத்தட்டுகளைக் கழற்றினால் நீளமான, மேல் திறந்த பெட்டி தயார். பக்கம் முழுக்கப் பலகை என்பதால் முட்டிக்கொள்ளும் பேச்சே இல்லை. அடியில் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட். அதன் மேல் உரம் கலக்காத தோட்ட மண்ணும் தேங்காய் நார்க்கழிவும். நார்க்கழிவுக் கட்டி செங்கல் மாதிரி வந்தது, புரட்டிப் பார்த்தால் இந்தியாவில் தயாரித்தது. ஊரில் தென்னந்தோப்போரம் மலைமலையாகக் குவிந்து கிடந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போனவன் நான். தண்ணீர்த் தட்டும் அதே கதைதான். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் குஞ்சால் ஏறி வெளியே வர முடியாது, சொரசொரப்பான மண்தட்டுதான் நல்லது. மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊரில் பிறந்துவிட்டு, செடித்தொட்டிக்கு அடியில் வைக்கும் மண்தட்டை இங்கே நாலு பவுண்டுக்கு வாங்கினேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

விளக்குக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. இதில்தான் வீடே பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. க்ளிப் போட்டு ஓரத்தில் கவ்வ வைக்கும் விளக்கை நம்பவே நம்பாதீர்கள். ஒரு நாள் நழுவி நார்க்கழிவில் விழும். நான் மேலே குறுக்குக்கட்டை போட்டு, கொக்கி மாட்டி, சங்கிலியில் தொங்கவிட்டேன். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும், பீங்கான் ஹோல்டர் வாங்குங்கள். சூட்டு விளக்குக்குப் பக்கத்திலேயே யூவிபி குழாய்விளக்கும் இருக்க வேண்டும். வெளியில் சூடும் கதிரும் ஒரே சூரியனிடமிருந்துதானே வருகிறது? பெட்டியின் மறுகோடி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வேண்டிய இடத்துக்கு அதுவே போய்க்கொள்ளும்.

குஞ்சு வருவதற்கு முன்னால் நாலு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பார்த்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதுவும் ஆசிரியை சொன்னதுதான். விளக்கின் கீழே 33 முதல் 35 டிகிரி இருக்க வேண்டும். ஒட்டும் வெப்பமானி 27 காட்டியது. சரி, போதவில்லை என்று விளக்கை இறக்கினேன். ஏதோ சந்தேகம் வந்து, கம்பி வைத்த டிஜிட்டல் மானியை விளக்கின் நேர் கீழே கல்லில் வைத்துப் பார்த்தால் 46. ஒட்டுமானி தான் ஒட்டியிருக்கும் சுவரின் சூட்டைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை நம்பி விட்டிருந்தால் முதல் நாளே குஞ்சைக் கருக்கியிருப்பேன். அந்த மானியைக் குப்பையில் போட்டேன்.

ஆசிரியைக்குப் படங்களை அனுப்பினேன். “வாருங்கள்” என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. ஏப்ரல் கடைசியில் இரண்டு குஞ்சுகள் வீடு வந்தன. ஒன்று 27 கிராம், ஒன்று 21. பெரியது போண்டா, சின்னது சுண்டல். பெயர் உபயம் மகள். ஆணா பெண்ணா என்று தெரிய இன்னும் சில வருடம் ஆகுமாம், அதனால் பெயர் எதுவானாலும் பொருந்தும்.

தீனி விஷயத்தில் நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியை தந்த பட்டியலில் டான்டெலியன், பிளான்டைன் என்று இருந்தது. முதலாவது தோட்டத்திலேயே மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. இரண்டாவதற்கு நேராகத் தமிழ்க்கடைக்குப் போய் இரண்டு வாழைக்காய் வாங்கி வந்தேன். துருவி வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினேன். சிரிப்புப் பொம்மை வரிசையாக வந்தது. பிளான்டைன் என்று இங்கே நடைபாதை ஓரத்தில் முளைக்கும் ஒரு களைக்கும் பெயராம். வாழைக்காயை அன்றைக்குப் பொடிமாஸ் செய்துவிட்டோம். செம்பருத்தி இலையும் பூவும் நல்ல தீனி. பழம், தக்காளி வேண்டாம். பசலை மாதிரிக் கீரைகளை அடிக்கடி போடாதீர்கள், சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடும். சாலையோரக் களையைப் பறிக்காதீர்கள், மருந்து அடித்திருப்பார்கள்.

மூன்றாவது வாரம்தான் உயிர் போய் வந்தது. சனிக்கிழமை காலை, காபி போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தால், விளக்கின் நேர் கீழே சுண்டல் மல்லாந்து கிடக்கிறது. கால் நாலும் காற்றில். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குஞ்சு சூட்டில் கவிழ்ந்து கிடந்தால் கொஞ்ச நேரத்தில் செத்துவிடும் என்று படித்திருந்தேன். எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் தாடை நனையும் அளவுக்கு வைத்தோம். அசையாமல் இருந்தது. மகள் மூச்சே விடவில்லை. பிறகு கழுத்தை நீட்டித் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது, நிறுத்தவே இல்லை.

தப்பு என்னுடையதுதான். வெயில் காயும் கல்லை மண்ணுக்கு மேலே படி மாதிரி வைத்திருந்தேன், அதுவும் மூலையில். ஏறி, சுவரைப் பிடித்து, புரண்டுவிட்டது. அன்றே கல்லை மண் மட்டத்துக்குப் புதைத்தேன். நாலு மூலைகளையும் வளையும் பிளாஸ்டிக் பட்டை வைத்து வட்டமாக்கினேன். சின்னச் சின்னக் கற்களை அங்கங்கே போட்டேன், புரண்டாலும் காலை ஊன்றித் திரும்ப ஒரு பிடிமானம் கிடைக்கும். நீங்கள் பெட்டி கட்டினால் விளக்கு மூலைக்கு நேராக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சுண்டல் அதற்குப் பிறகும் சரியாகத் தின்னவில்லை. எடை ஏறவே இல்லை. ஊர்வன பார்க்கும் வைத்தியரைத் தேடியலைந்து (எல்லா விலங்கு மருத்துவரும் ஆமை பார்ப்பதில்லை, முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்) போனால், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். விஷயம் போண்டா. கடிக்கவெல்லாம் இல்லை. தட்டுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்ளும், சின்னது ஒதுங்கிவிடும். துணைக்குத் துணை என்று நாம்தான் ஜோடியாக வாங்குகிறோம், ஆமைக்கு அந்த ஆசை கிடையாது. அலமாரியின் பழைய தட்டு ஒன்றை எடுத்து நடுவே செருகினேன். இன்னொரு ஜோடி விளக்கு வாங்க வேண்டியதாயிற்று. கூப்பனைப் பயன்படுத்தலாம் என்று நினைத்துப் போனேன், தேதி முடிந்திருந்தது.

ஈரத்துக்கு ஒரு குறிப்பு. மேலே தெளிப்பதைவிட, மூலைகளில் தண்ணீரை ஊற்றினால் அடிமண் ஈரமாகவும் மேல்மண் காய்ந்தும் இருக்கும். மேல் பாதியைப் பலகையால் மூடி வைத்தேன், விளக்குப் பக்கம் மட்டும் திறப்பு.

ஜூலையில் தோட்டத்தில் பகல்நேரக் கூண்டு கட்டினேன். மரச்சட்டம், பற்றவைத்த கம்பிவலை மூடி, தோண்டிப் போகாமல் ஓரத்தில் புதைத்த கல். மெல்லிய கோழிவலையை எலி கடித்துவிடும். முதல் நாள் வெளியே விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒரு மேக்பை (காக்கை இனப் பறவை) வந்து வலை மேல் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. வலை இல்லாமல் “சும்மா ஒரு நிமிஷம்” விட்டவர்களின் கதை இப்போதுதான் எனக்குப் புரிகிறது. இரவில் நரி வரும் தெரு இது, அதனால் சாயங்காலம் ஆனதும் இரண்டும் உள்ளே.

அம்மா இப்போது வீடியோவில் முதலில் கேட்பது பேத்தியை இல்லை. “சின்னது தின்னுச்சா?” நேற்று சமையலறைத் தராசில் போண்டா 41 கிராம், சுண்டல் 38. நடுப்பலகையை எடுக்கலாமா என்று மகள் கேட்கிறாள். எடுக்கப் போவதில்லை.