லிஸ்ஸி போர்டன் வழக்கு
1892 ஆகஸ்ட் 4, அமெரிக்காவின் ஃபால் ரிவர் ஊரில் ஆண்ட்ரூ போர்டனும் அவருடைய இரண்டாவது மனைவி ஆபியும் பட்டப்பகலில், சொந்த வீட்டுக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பழி விழுந்தது மகள் லிஸ்ஸி மேல். மூன்று நாள் கழித்து ஒரு கவுனை அடுப்பில் போட்டு எரித்திருக்கிறார், கேட்டால் பெயிண்ட் கறையாம்! கொலைக்கு முந்தின நாள் விஷம் கேட்டு வந்தார் என்று சொல்ல மருந்துக்கடைக்காரர் தயாராக இருந்தார், மரண விசாரணையில் லிஸ்ஸியே முன்னுக்குப்பின் முரணாகப் பேசியதும் பதிவாகியிருந்தது, இரண்டையுமே நீதிபதிகள் ஜூரியின் காதுக்குப் போகவிடவில்லை. 1893 ஜூனில் ஒன்றரை மணி நேரத்தில் விடுதலை. சரி, ரத்தத்தில் நனைந்த துணி ஒன்றுகூடச் சிக்காதபோது ஜூரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் அப்பா சொத்தில் அதே ஊரில் பெரிய வீடு வாங்கி, ஊரே ஒதுக்கியும் 1927இல் சாகும்வரை அங்கேயே இருந்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் புரியவேயில்லை. வேறு யார் மேலும் வழக்கே போடவில்லை.